மேலே தும்பு, கீழே பட்டு

"தலையில தும்பு, முதுகில பட்டு. என்ன கோலம் பிள்ளை இது?"

அம்மா இப்படிக் கேட்டது போன மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் பண்ணைப் பாலம்வரை சைக்கிள் ஓடிவிட்டு வந்து, வேர்வை வழிய முற்றத்தில் நின்று கொண்டையை அவிழ்த்திருந்தேன். உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மா கூட்டிச் சொல்லவில்லை. உச்சியிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு என் சொந்தத் தலைமயிர், உரித்த தேங்காயின் தும்பு மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே, ஆவணியில் காசு கொடுத்து நேராக்கிய மயிர் ஒன்றும் நடக்காதது போல வழுவழுவென்று தொங்கியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு. இரண்டு பேருடைய தலையை யாரோ ஒட்டிவைத்தது போல இருந்தது.

(தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் தலைமயிர் என்பது கெட்ட வார்த்தை இல்லை. முடி என்று எழுதினால் என் வீட்டில் யாரும் பேசாத பாஷையாகிவிடும்.)

ரீபொண்டிங், அதாவது பார்லரில் மருந்து போட்டு மயிரை நேராக்குவது, செய்த எல்லோருக்கும் இந்த நாள் வரும். தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. மருந்து பட்ட மயிர் நேராகவே கிடக்கும். ஆனால் சுருளும் நெளிவும் தீர்மானமாவது தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில். அதன் வடிவத்தை எந்தப் பார்லரும் மாற்றுவதில்லை. ஆகவே அடுத்த நாளே புதுமயிர் தன் பாட்டுக்கு வளைந்து கிளம்பத் தொடங்கிவிடும். கந்தோருக்குப் போய் ஃபானுக்குக் கீழே இருந்துவிட்டு வருகிறவர்கள் காலையில் கொஞ்சம் அயன் பிடித்து எட்டு மாதம்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரிவரவில்லை. காரணம் வேர்வை.

வேர்க்கிற பழக்கம் எனக்கு 2022-இல்தான் வந்தது. இலங்கையில் பெற்றோல் தட்டுப்பட்டு வரிசையில் நின்றது நினைவிருக்கும். ஸ்கூட்டியை மாட்டுக்கொட்டிலில் விட்டுவிட்டு, அப்பாவின் பழைய சைக்கிளைத் துடைத்துக் கொக்குவிலிலிருந்து ரவுணுக்கு ஓடத் தொடங்கினேன். அம்மாவுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. "நாங்கள் தொண்ணூறுகளில சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சனாங்கள். நீ சைக்கிள் ஓடுறதுக்கு இவ்வளவு கதை சொல்லுறாய்" என்றார். பெற்றோல் திரும்பி வந்தது, நான் ஸ்கூட்டிக்குத் திரும்பவில்லை. அப்புறம் பழைய மாணவிகளின் வலைப்பந்து அணி ஒன்றில் இழுத்துவிட்டார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கம் இருந்த இலங்கை அணி 2018-இல் ஆசியக் கிண்ணம் வென்றது முதல் இங்கே பந்தைத் தொட்ட எல்லோருக்கும் ஒரு கனவு. எனக்கு முப்பத்துநாலு வயதில் கனவெல்லாம் கிடையாது, இடுப்புச் சுற்றளவு குறைந்தால் போதும். ஆனால் கிழமைக்கு நாலு நாள் காலையில் சைக்கிள், இரண்டு நாள் பின்னேரம் வலைப்பந்து என்றால், சித்திரை வெயிலில் தலை எந்த நாளும் ஈரம்தான்.

அதே அணியில் எனக்குப் பக்கத்தில் நின்று தடுத்தாடும் ஒருவர் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறார். தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் அவரிடம் என் தும்புத் தலையைக் காட்டிப் புலம்பினேன். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது வேலிக் கணக்கில்.

மயிர் என்பது கெரற்றின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை இரண்டு விதமான கட்டுகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஒன்று இருசல்பைட்டுப் பிணைப்பு. கிடுகு வேலியில் கம்பியால் முறுக்கிய கட்டு மாதிரி. தண்ணீரோ அயனோ அதை அசைக்காது. மற்றது ஐதரசன் பிணைப்பு. இது வெறும் ஓலை முடிச்சு. நனைந்தால் அவிழும், காயும்போது மயிர் எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே திரும்ப முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பார்லரில் செய்வது கம்பிக்கட்டை வெட்டி, வேலியை நிமிர்த்தி, திரும்பக் கட்டும் வேலை. நாங்கள் வீட்டில் அயன் பிடிப்பது ஓலை முடிச்சை மாற்றுவது மட்டும்தான். புதுமயிரில் கம்பிக்கட்டு இன்னும் பழைய வளைவிலேயே இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அயன் பிடித்து நிமிர்த்திய ஓலை முடிச்சு, ஏழு மணிக்கு முதல் வேர்வை பட்டதும் அவிழ்ந்து வளைவுக்கே போய்விடுகிறது. நான் மாதக்கணக்காக ஒவ்வொரு காலையும் செய்துகொண்டிருந்தது முழுவதும் வீண்வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீண்வேலை மட்டும் என்றாலும் பரவாயில்லை. வேர்வையின் உப்புக் காய்ந்திருக்கும் மயிரில், பல நாளில் சரியாகக் காயாத ஈரத்தோடேயே, நான் அயனைப் பிடித்திருந்தேன். ஈரமயிரில் அயன் பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி மயிர்த்தண்டிலேயே கொப்புளம் போடுகிறது. அந்த இடத்தில் மயிர் முறியும். "சிர்" என்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அதுதான் அது.

முறிவுக்குக் கதை பழையது. மூன்று வருடத்துக்கு முன்னர், முதல் தடவை நேராக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, வேரில் கொஞ்சம் நெளிகிறதே என்று அதைச் செய்த பார்லருக்கே போய் நின்றேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே முழுத்தலைக்கும், வேரிலிருந்து நுனிவரை, மருந்தைப் பூசிவிட்டார். "அப்பதான் அக்கா ஒரே சீராய் வரும்." வரத்தான் செய்தது, இரண்டு கிழமைக்கு. பிறகு சீப்பில், தலையணையில், கோப்பிக் கோப்பைக்குள்கூட விரல் நீளத் துண்டுகள். கொட்டுகிறது என்று பயந்து தோல் வைத்தியரிடம் போனேன். அவர் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கொட்டும் மயிருக்கு ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும், நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை அப்படிப் போவது சாதாரணம், இது எதிலும் குமிழ் இல்லை, எல்லாம் முறிந்தவை என்றார். ஏற்கெனவே ஒருமுறை வெட்டிக் கட்டிய கம்பிக்கட்டை இன்னொருமுறை வெட்டினால் வேலி எப்படி நிற்கும்? மருந்து புதுமயிருக்கு மட்டும். பழைய மயிரில் படாமல், எல்லைக்கு மேலேயே நிறுத்த வேண்டும். அதற்குக் கையில் பிடித்து வேலைசெய்யும் அளவுக்காவது புதுமயிர் வேண்டும். ஆறு மாதத்துக்குள் போகிறவர்களுக்கு எந்தக் கை எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கீழே வழியத்தான் செய்யும்.

ஆக, பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருக்கும் காலத்தில் அந்த எல்லைக்கோட்டில் மயிர் முறியாமல் பார்க்க வேண்டும். மேலே சுருள், கீழே நேர், இழுபடும்போது எல்லாப் பாரமும் அந்த மடிப்பில்தான் விழுகிறது. நேராகத் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது கவலை. இதைத் தலைகீழாக வைத்திருந்ததுதான் நான் விட்ட பிழை.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதியவை. எத்தனையோ தலைமுறை அனுபவம். ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், எல்லோரும் புதுமயிரைப் பற்றி நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நான் அவர்களிடம் நிறையப் படித்தேன். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. அவர்கள் ரிலாக்சர் என்று சொல்வது பெரும்பாலும் சோடியம் ஐதரொட்சைட்டு அல்லது அதன் உறவுக்கார ஐதரொட்சைட்டு வகை. எங்கள் பார்லர்களின் ரீபொண்டிங் கிறீம் தயோகிளைக்கலேற்று வகை. அது வெட்டிய கட்டை ஐதரசன் பரவொட்சைட்டு திரும்பக் கட்டும். ஐதரொட்சைட்டோ பழைய கட்டை எடுத்துவிட்டு வேறொரு கட்டைப் போடுகிறது. அதைத் திரும்ப அவிழ்க்க வழியில்லை. ஒன்று போட்ட மயிரில் மற்றது பட்டால் கையோடு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து மாமி அனுப்பிய பெட்டியில் ரிலாக்சர் வந்திருக்கிறது, வேருக்கு மட்டும் பூசிப்பார்ப்போம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து அந்தப் பெட்டியை மூடி வையுங்கள். சொக்கிளேற்றை மட்டும் எடுங்கள்.

இப்போது தண்ணீர். இதை அந்த வெளிநாட்டுக் குறிப்புகள் எங்களுக்குச் சொல்லித்தராது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்மேல் கிடக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளை, அதே கல்சியம், எங்கள் தலையிலும் படிகிறது. சவர்க்காரத்தோடு சேர்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பார்லரில் மருந்து பட்ட மயிர் ஏற்கெனவே செதில் திறந்து கிடப்பது, அதில் இன்னும் அதிகமாகவே படிகிறது. கொழும்பில் இருக்கும்போது மிருதுவாக இருந்த மயிர் ஊருக்கு வந்து ஒரு கிழமையில் வைக்கோலாகிறது என்று சொல்லாதவர்கள் இல்லை.

அம்மம்மா காலத்துத் தீர்வு அரப்பும் தேசிக்காயும் (எலுமிச்சைதான்). தேசிக்காயில் நியாயம் இருக்கிறது, புளிப்பு அந்தப் படிவைக் கரைக்கும். ஆனால் அம்மா செய்வது போலப் பாதித் தேசிக்காயை உச்சியில் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்காதீர்கள். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்துக் கறுத்துப்போகும், நெற்றியில் ஒரு மாதம் அந்த வடுவோடு திரிந்தவள் சொல்கிறேன். ஒரு வாளித் தண்ணீருக்குப் பாதிக் காய், கடைசி அலசலுக்கு மட்டும், பிறகு ஒருதரம் வெறும் தண்ணீர். மாரி காலத்தில் இன்னும் நல்ல வழி உண்டு. கூரைப் பீலியால் விழும் மழைத்தண்ணீரை முதல் பத்து நிமிடம் போகவிட்டு, பிறகு வாளியில் பிடித்து வைத்துக்கொள்வேன். கடைசி அலசல் அதில்தான். வாளியை மூடி வைக்க மறந்தால் நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

வேர்க்கிற ஒவ்வொரு நாளும் ஷாம்பூ போடத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய விடுதலை. வேர்வை உப்பு வெறும் தண்ணீரிலேயே கரையும். நான் கிழமைக்கு இரண்டு தரம் ஷாம்பூ போடுவேன், தலைத்தோலுக்கு மட்டும். மற்ற நாட்களில் வந்ததும் தலைத்தோலைத் தண்ணீரால் அலசி, எல்லைக்கோட்டிலிருந்து கீழே கண்டிஷனர் பூசி, அதோடேயே சிக்கெடுப்பேன். முதலில் விரல், பிறகு பல் அகன்ற சீப்பு, நுனியிலிருந்து மேலே. காய்ந்த பிறகு சீப்பு வேரைத் தொடாது. இதற்கு ஆறு நிமிடம் போகிறது. அயனுக்குப் போன நேரம் இருபது.

பிறகு இரட்டைப் பின்னல். ஆம், பள்ளிக்கூடத்து இரட்டைப் பின்னல்தான். இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு பெண்ணும் பதின்மூன்று வருடம் செய்ததுதான் இது. ஓலை முடிச்சு காயும்போது திரும்பப் போடப்படுகிறது என்றேன் அல்லவா? ஈரமாக இருக்கும்போதே, நடு வகிடு எடுத்து, வேரில் சுருளை மெதுவாக நீட்டிப் பிடித்துக் காதுக்குப் பின்னால் தொடங்கித் தளர்வாகப் பின்னி விட்டால், காயும்போது புதுமயிர் நீட்டிய நிலையிலேயே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. கீழே நேர்மயிரில் பின்னலின் அலை விழுகிறது. மேலே சுருள் நீண்டு அலையாகிறது, கீழே நேர் வளைந்து அலையாகிறது. இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துவிடுகின்றன. தும்புமில்லை, பட்டுமில்லை. மடிப்புத் தெரிவதே இல்லை. முழுத் தலையையும் நேராக்கப் பாடுபட்ட காலத்தில் ஒருநாளும் வராத ஒற்றுமை, நேரைக் கொஞ்சம் கெடுத்ததும் வந்துவிட்டது.

கந்தோரில் முதல் நாள், "என்ன, திரும்ப ஓ.எல். சோதினை எடுக்கப் போறியளோ?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டுப் போனபோது எந்தப் பார்லர் என்று கேட்டார்கள்.

தளர்வாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் அம்மா கண் இமை மேலே போகும்வரை இழுத்துப் பின்னுவார். மாணவத் தலைவி அக்காமாருக்கு ஒரு மயிரும் பறக்கக் கூடாது. அப்படி இழுத்து இழுத்துத்தான் என் நெற்றியோரம் ஏறிப்போனது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் மயிர்க்கால் தழும்பாகி, திரும்ப முளைக்காமலும் போகும். வலைப்பந்துக்குக் குதிரைவால் போடுவதென்றால் கழுத்தடியில், துணி சுற்றிய றப்பரால். உச்சியில் இறுக்கிய குதிரைவால் குதிக்கும் ஒவ்வொரு தரமும் எல்லைக்கோட்டை இழுக்கிறது. பறக்கிற மயிர் பறக்கட்டும்.

தலைக்குக் கட்டும் பட்டியும் கவனிக்க வேண்டியதே. பஞ்சுத்துணிப் பட்டி வேர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் நெற்றியோரத்தை உரசித் தேய்க்கும். தைக்கிற அக்காவிடம் பழைய சாட்டின் உட்பாவாடையைக் கொடுத்து, உள்ளே சாட்டின், நெற்றியில் மட்டும் பஞ்சு என்று இரண்டு பட்டி தைப்பித்தேன். மிச்சத் துண்டில் ஹெல்மெட்டுக்குள் போடும் ஒரு தொப்பியும், ஒரு தலையணை உறையும். அம்மாவுக்கு அந்த உறை பிடிக்காது, தலை வழுக்குகிறதாம்.

எண்ணெயில்தான் எங்களுக்கு இன்னும் சமாதானம் வரவில்லை. அம்மாவுக்குச் சனிக்கிழமை என்றால் உச்சி குளிர நல்லெண்ணெய். வேர்க்காத ஒருவருக்கு அது நல்லதாயிருக்கலாம். எனக்கோ எண்ணெய், வேர்வை, வெக்கை மூன்றும் சேர்ந்தால் பத்தே நாளில் பொடுகு. பொடுகைக் கிளப்பும் பூஞ்சணத்துக்கு எண்ணெய்தான் சாப்பாடு. ஆனால் தேங்காய் எண்ணெய் மயிர்த்தண்டுக்குள் ஊறிப் புரதம் கழுவிப் போவதைக் குறைக்கிறது, அது உண்மை. ஆகவே தோலில் படாமல், எல்லைக்கோட்டிலிருந்து நுனிவரை, தலை முழுகுவதற்கு முதல் ஒரு மணிநேரம். அம்மா இதை எண்ணெய் வைத்ததாகவே ஏற்றுக்கொள்வதில்லை. சாட்டிக் கடலுக்கோ கீரிமலைக்கோ போகும் நாளிலும் இதே எண்ணெய்தான். போகுமுன் நல்லதண்ணீரால் நனைத்து, எண்ணெய் தடவிப் பின்னிவிட்டால் மயிர் கடலை அதிகம் குடிக்காது.

சோளகம் தொடங்கினால் பண்ணையில் எதிர்க்காற்று புழுதியோடு அடிக்கும். அந்த மாதங்களில் தாவணித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் சைக்கிள் ஓட்டம். வேறு வழி எனக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதியபின், அப்படியே சுருட்டையாக விடலாமே என்று சிலர் கேட்பார்கள். விடலாம். என் அணியில் இரண்டு பேர் விட்டிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு நேரான மயிர் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்காக எனக்கு வெட்கமில்லை. ஆனால் அடிக்கடி போவதில் பயம் வந்துவிட்டது. 33,497 அமெரிக்கப் பெண்களை ஏறக்குறைய 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022 ஒக்டோபரில் வெளியானது. நேராக்கும் மருந்துகளைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 வீதம் என்றும், வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 வீதம் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, எந்தப் பொருள், எந்த நிறுவனம் என்றும் அதில் இல்லை. எனக்கு வருடத்தில் ஒரு தடவை போதும் என்று முடிவெடுக்க அது காணும். கண் எரிந்து மூக்கால் தண்ணீர் வரும் புகை கிளம்பும், "கெரற்றின்" என்ற பெயரில் பார்லர்களில் போடும் வகைப் பக்கம் நான் போவதே இல்லை. அந்த எரிச்சல் பல வேளைகளில் ஃபோர்மல்டிகைட்டு என்ற நச்சுவாயுவால் வருவது.

இந்த ஆவணியில் தம்பியின் கலியாணம். பால் அறுகு வைத்து மாப்பிள்ளையைத் தோய வார்க்கும்போது படப்பிடிப்பாளர் என் தலைக்குப் பின்னால்தான் நிற்பார், எனக்குத் தெரியும். புதுமயிர் இப்போது அளந்தால் பத்து சென்ரிமீற்றர். போன கிழமை ஒரு புதுப் பார்லருக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய மயிரில் படாமல் வேருக்கு மட்டும் பூசுவீர்களா என்றேன். ஓம் என்றார். முதலில் ஒரு கற்றையில் போட்டுப் பார்ப்பீர்களா என்றேன். கொஞ்சம் யோசித்து ஓம் என்றார். போடுவது தயோ வகையா, பெட்டியைக் காட்டுவீர்களா என்றேன்.

"அதெல்லாம் ஏன் அக்கா? எல்லாருக்கும் ஒரே மருந்துதானே."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆவணிக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது, ரவுணில் வேறு பார்லர்களும் இருக்கின்றன. ஒன்றும் சரிவராவிட்டால் சேலைக்கு இரட்டைப் பின்னல் எடுபடுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி, பின்பக்கத்து வகிடு கோணலாய்ப் போயிருக்கிறது என்று அவிழ்க்கத் தொடங்கினார்.

"இறுக்காதேங்கோ அம்மா."

"சும்மா நில்."